ஒன்றாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி? வீட்டு ஜெபத்துக்கும் ஒரு வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். நாங்கள் பாளையங்கோட்டை. மகள் ஜூனில் ஒன்றாம் வகுப்புப் போகிறாள். சபை நடத்தும் பள்ளியா, பக்கத்துத் தெரு சிபிஎஸ்இ பள்ளியா என்று வீட்டில் தினமும் பேச்சு. "சபைப் பள்ளின்னா காலையில ஜெபம் இருக்கும், வேதபாட வகுப்பு இருக்கும்" என்கிறார் அத்தை. நானும் அப்படிப்பட்ட பள்ளிதான். வசனம் ஒப்பித்துப் பரிசெல்லாம் வாங்கினேன். ஆனால் விசுவாசம் வந்தது என்னவோ, விடியற்காலையில் ஆச்சி முழங்காலில் நிற்பதைப் பார்த்துத்தான்.

அதனால் பள்ளியைவிட வீடுதான் எனக்குக் கவலை. வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் கர்த்தருடைய வார்த்தைகளைப் பிள்ளைகளோடு பேசச் சொல்கிறது வேதாகமத்தில் உபாகமம் 6:7. எங்கள் குடும்ப ஜெபமோ ராத்திரி ஒன்பதரைக்கு. 23-ம் சங்கீதம் ஆறே வசனம், அது முடிவதற்குள் அவள் தூங்கிவிடுகிறாள். (அவள் அப்பாவும்தான்.)

ஜெபத்தைக் காலைக்கு மாற்றியவர்கள் இருக்கிறீர்களா? பள்ளி வேன் ஏழே முக்காலுக்கு வந்துவிடுமே, எப்படிச் சமாளிக்கிறீர்கள்? பிள்ளைகளை வேறு பள்ளியில் சேர்த்த அக்கா, அண்ணன்மார், ஞாயிறு பள்ளியும் மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியும் (வி.பி.எஸ்.) போதுமானதாக இருந்ததா? அப்புறம், "என் ஃப்ரெண்ட் வீட்ல ஏன் இயேசப்பா இல்ல?" என்று நேற்று கேட்டாள். என்ன சொல்வீர்கள்? அடுத்த வாரம் விண்ணப்பம் கொடுக்க வேண்டும்.