அழித்தாலும் திரும்ப வரும் ஷார்ட்கட் வைரஸ்: உதவி தேவை

நண்பர்களே, வணக்கம். வீட்டில் இருக்கும் விண்டோஸ் 10 கம்ப்யூட்டரில் ஷார்ட்கட் வைரஸ் புகுந்துவிட்டது. எந்தப் பென்டிரைவைச் செருகினாலும் உள்ளே இருக்கும் ஃபோல்டர்கள் மறைந்து, அதே பெயரில் ஓரிரு கேபி அளவில் ஷார்ட்கட்கள் வந்துவிடுகின்றன.

ஃபைல்கள் அழியவில்லை, அந்த மட்டும் நிம்மதி. கமாண்ட் பிராம்ப்டில் அட்ரிப் கட்டளை கொடுத்து மறைந்தவற்றை வெளியே கொண்டுவந்துவிட்டேன். ஆனால் பென்டிரைவைக் கழற்றி மறுபடி செருகினால் பழைய கதைதான். டாஸ்க் மேனேஜரில் டபிள்யூஸ்கிரிப்ட் (ஸ்கிரிப்ட்களை ஓட்டும் விண்டோஸ் புரோகிராம்) ஓடிக்கொண்டே இருக்கிறது. அதை நிறுத்திவிட்டு, ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் கிடந்த, வாயில் நுழையாத பெயருள்ள ஒரு விபிஎஸ் ஸ்கிரிப்ட் ஃபைலை அழித்தேன். ரீஸ்டார்ட் ஆனதும் அதே பெயரில் அது மறுபடியும் இருக்கிறது! சேஃப் மோடில் அழித்தும் பலனில்லை. விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஃபுல் ஸ்கேனில் எதுவும் சிக்கவில்லை.

எங்கிருந்தோ ஒரு நகல் தன்னைத்தானே திரும்பப் போட்டுக்கொள்கிறது என்று நினைக்கிறேன். புரோகிராம்களைத் தானாக ஓடவைக்கும் இடங்களான டாஸ்க் ஷெட்யூலர், ரெஜிஸ்ட்ரியின் ரன் பகுதி இரண்டையும் பார்த்துவிட்டேன். வேறு எங்கே தேட வேண்டும்? டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன், விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே தேடும் என்பதால் அடுத்து அதைத்தான் ஓட்டப்போகிறேன். இந்த வைரஸுக்கு அது யாருக்காவது கைகொடுத்ததா?

ஃபார்மேட் செய்வது கடைசி வழியாக இருக்கட்டும். அப்பாவின் பழைய போட்டோக்கள் முழுவதும் இதில்தான் இருக்கின்றன, வேறு நகல் கிடையாது. உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் பென்டிரைவிலிருந்து லைவாக (இன்ஸ்டால் செய்யாமல்) ஏற்றினால் விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஓடாது. அப்படியே போட்டோக்களை மட்டும் வேறு ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றலாமா? செய்து பார்த்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.