ஃப்ரீ இன்டைரக்ட் டிஸ்கோர்ஸ்: ‘தோய்கூற்று’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம். ‘என்று நினைத்தான்’ போன்ற இணைப்பு இல்லாமல், கதைசொல்லியின் படர்க்கை நடையிலேயே பாத்திரத்தின் எண்ணத்தைச் சொல்லும் கதை உத்திதான் ஃப்ரீ இன்டைரக்ட் டிஸ்கோர்ஸ். அதற்கு ஒரு தமிழ்ச் சொல் தேடுகிறோம்.

> ‘கட்டற்ற அயற்கூற்று’ என்றே வைத்துக்கொள்ளலாமே, மூலத்துக்கு நேராக இருக்கிறது.

நேராக இருக்கிறது, ஆனால் உத்தி என்ன செய்கிறது என்பதைச் சொல்லவில்லை. ‘கட்டற்ற’ என்றதும் இப்போது மென்பொருள் உரிமம்தான் நினைவுக்கு வருகிறது. மொழியியலாளர் ஷார்ல் பாயி 1912இல் பிரெஞ்சில் இதற்கு வைத்த பெயரை ஜெர்மானியர்களும் அப்படியே பெயர்க்கவில்லை. 1921இல் லோர்க் ‘எர்லெப்டே ரேட’ (வாழ்ந்தறிந்த பேச்சு) என்று தனிப்பெயர் வைத்தார். என் பரிந்துரை: தோய்கூற்று. கதைசொல்லியின் கூற்று பாத்திரத்தின் மனத்தில் தோய்ந்து வருகிறது.

ஒரே எண்ணம், மூன்று விதமாக:

நேர்க்கூற்று: “நாளைக்கு வாடகைக்கு எங்கே போவேன்?” என்று செல்வம் நினைத்தான்.

அயற்கூற்று: மறுநாள் வாடகைக்கு எங்கே போவது என்று செல்வம் கவலைப்பட்டான்.

தோய்கூற்று: செல்வம் சட்டைப்பையைத் தடவினான். எழுபது ரூபாய். நாளைக்கு வாடகைக்கு எங்கே போவான்? விடிந்ததும் வாசலில் வந்து நிற்பாரே அந்த மனுஷன்!

மூன்றாவதில் ‘என்று நினைத்தான்’ போய்விட்டது. ‘போவேன்’ என்பது ‘போவான்’ ஆனது. அந்த விகுதி கதைசொல்லியுடையது. ஆனால் ‘நாளைக்கு’ மறுநாளாக மாறவில்லை. கேள்வியும் ‘நிற்பாரே’யின் ஏகாரமும் ‘மனுஷன்’ என்ற சொல்லும் செல்வத்துடையவை.

> இதைத்தானே நனவோடை என்கிறோம்?

இல்லை. நனவோடை பாத்திரத்தின் எண்ண ஓட்டத்தை அப்படியே தருவது; அது ‘நான்’ என்றே ஓடலாம், கதைசொல்லி விலகிக்கொள்ளலாம். இங்கே அவர் விலகுவதே இல்லை.

தமிழில் எழுதும்போது சறுக்கும் இடம் வினைமுற்று. ‘எங்கே போவது? என்ன செய்ய முடியும்?’ என்று எழுதினால் திணை பால் எண் இடம் எதுவும் தெரியாது. நாலைந்து வரி இப்படியே போனால், பேசுவது செல்வமா கதைசொல்லியா என்று வாசகர் தடுமாறுவார். இடையில் ஒரு ‘அவன்’ அல்லது ஆன் விகுதி வேண்டும். ‘தான்’ இன்னும் நல்ல கருவி: ‘தனக்கு மட்டும் ஏன் இப்படி?’ என்றால் படர்க்கையும் நிற்கிறது, மனமும் தெரிகிறது.

மரியாதை விகுதி தமிழுக்குக் கிடைத்த கொடை. ‘வீட்டுக்காரர் படியேறி வந்தார். வந்துவிட்டான், ஒன்றாம் தேதி விடியக்கூடாது இவனுக்கு.’ ‘வந்தார்’ கதைசொல்லி, ‘வந்துவிட்டான்’ செல்வம். மேற்கோள்குறி இல்லாமலே ஆள் மாறிவிட்டது. இது ஆங்கிலத்தில் முடியாது.

உள்ளே நுழைய ஒரு செயல் வரி (பையைத் தடவுதல்), வெளியே வர இன்னொரு செயல் வரி. ஒரே பத்தியில் இரண்டு பேர் மனத்துக்குள் போகாதீர்கள். விகுதிகளும் ஏகாரங்களும் யாருடையவை என்று பிரிக்க முடியாது. பேச்சுவழக்குச் சொல் பத்திக்கு ஒன்றிரண்டு போதும், மிகுந்தால் பாத்திரமே கதைசொல்லியாகிவிடும்.

அன்புடன்.

---

> என் பரிந்துரை: தோய்கூற்று.

ஐயா, விளக்கத்துக்கு நன்றி. ஓர் ஐயம். எங்கள் யாழ்ப்பாணத்தில் தோய்வது என்றால் தலைமுழுகுவது, உடுப்பையும் தோய்ப்போம். வாசகருக்கு அது குறுக்கே வராதா? மற்றது, ‘தோய்க்கூற்று’ என்று ககரம் மிகுமா?

---

மிகாது. தோய்ந்த, தோய்கின்ற, தோயும் கூற்று என முக்காலமும் மறைந்து நிற்கும் வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போல வல்லினம் மிகாமல்தான் வரும்.

தலைமுழுகும் பொருள் குறுக்கே வராது, துணைக்குத்தான் வரும். முழுகியவர் முழுகியவராகவே கரையேறுகிறார், கதைசொல்லியும் அப்படித்தான். ‘கலவைக் கூற்று’ என்று முன்பு வந்த பரிந்துரையை நான் ஏற்காததும் இதனால்தான்: கலந்தபின் பிரிக்க முடியாது, இங்கோ எந்த விகுதி யாருடையது என்று விரல் வைத்துக் காட்டலாம். ‘தோய்கூற்று நடை’, ‘தோய்கூற்றாக எழுது’ என்று சொல் வளையவும் செய்கிறது. அகராதிப் பதிவில் செல்வத்தின் மூன்று எடுத்துக்காட்டுகளையும் சேர்த்தே இடுவோம். வரையறை மட்டும் இருந்தால் அயற்கூற்றோடு குழம்பிவிடும்.