குதிரைமசால் ரகங்களை ஒப்பிட விளைச்சல் போதுமா, தரமும் வேண்டுமா?

விதைநேர்த்தி:
குதிரைமசால் (லூசர்ன்) என்ற தீவனப் பயிரின் ரகங்களை ஒப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது ஆண்டு முழுவதும் கிடைக்கும் மொத்த உலர் எடைதான் என்பது என் கருத்து. ரகங்களின் குளிர்கால உறக்கத்தை 1 முதல் 11 வரையிலான அளவுகோலில் குறிக்கிறார்கள். எண் சிறியதாக இருந்தால் பகல் குறுகத் தொடங்கியதுமே வளர்ச்சி ஒடுங்கிவிடும். பெரியதாக இருந்தால் அறுத்த சில நாள்களிலேயே தூரிலிருந்து துளிர்கள் கிளம்பி, ஆண்டுக்கு ஓரிரு அறுவடைகள் கூடுதலாகக் கிடைக்கும். கடுங்குளிர் இல்லாத நிலத்தில் 9ஆம் எண் ரகத்தை விட்டுவிட்டு 4ஆம் எண் ரகத்தை விதைப்பவர், கைக்கு எட்டிய தீவனத்தை இழக்கிறார். தரமோ பெரும்பாலும் அறுக்கும் நாளைப் பொறுத்தது. மொட்டுப் பருவத்தில் அறுத்தால் எந்த ரகமும் நல்ல தீவனம். முழுப் பூவில் அறுத்தால் எந்த ரகமும் வெறும் குச்சி.

கறவை:
ஐயா, அறுக்கும் நாளின் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் நிறுத்த எடையில் எவ்வளவு மாட்டின் முதல் வயிற்றில் செரிக்கிறது என்பதைச் சேர்க்காமல் ரகத்தைத் தேர்ந்தெடுப்பது அரைக் கணக்கு. இலையின் புரதம் தண்டினுடையதைப் போல இரு மடங்குக்கும் மேல். தண்டை இறுக வைக்கும், செரிக்காத லிக்னின் என்ற பொருள் சேருவதெல்லாம் பெரும்பாலும் தண்டில். சென்ற முறை ஒரே நாளில் அறுத்த இரண்டு ரகங்களிலிருந்து ஐம்பது ஐம்பது தண்டுகளை எடுத்து, இலைகளை உருவி, இரண்டையும் தனித்தனியே உலர்த்தி நிறுத்தேன். உயரமாக வளர்ந்து கண்ணைக் கவர்ந்த ரகத்தில் தண்டின் எடையே மிகுந்தது. அதன் அடிப்பாதி நகத்தால் கீற முடியாத அளவுக்கு இறுகியிருந்தது. குட்டையாக நின்ற ரகத்தின் தண்டோ அடிவரை நகத்துக்கு இசைந்து கொடுத்தது. நாரின் செரிமானம் ஒரு விழுக்காட்டுப் புள்ளி கூடினால் மாடு நாளொன்றுக்கு 0.17 கிலோ உலர் தீவனம் கூடுதலாக உண்பதோடு, 4 விழுக்காடு கொழுப்புக்குச் சரிசெய்த கணக்கில் 0.25 கிலோ பாலும் கூடுவதாக ஆய்வாளர்கள் ஓபா, ஆலன் இருவரும் 1999இல் காட்டினார்கள். இந்த வேறுபாடு உலர் எடைப் பட்டியலில் தெரியாது.

விதைநேர்த்தி:
அந்த இரு ரகங்களும் ஒரே நாளில் அறுக்கப்பட்டன என்கிறீர்கள். ஒரே பருவத்தில் இருந்தனவா? விரைந்து வளரும் ரகம் பத்தில் ஒரு பங்கு பூத்துவிட்ட நாளில், மெதுவாக வளரும் ரகம் மொட்டே விட்டிருக்காது. முற்றியதையும் இளையதையும் அருகருகே வைத்து, இளையது மென்மையாக இருக்கிறது என்று சொல்வது ரக ஒப்பீடு ஆகாது. ஒன்றை 28ஆம் நாளிலும் மற்றதை 35ஆம் நாளிலும், அதாவது ஒவ்வொன்றையும் அதனதன் மொட்டுப் பருவத்தில், அறுத்துப் பாருங்கள். நீங்கள் கண்ட இடைவெளியில் பெரும்பகுதி மறைந்துவிடும். நீங்கள் சுட்டிய எண்களும் பலவகைத் தீவனங்களைச் சேர்த்துக் கணக்கிட்டவை. குதிரைமசாலின் நார் குறைவாகச் செரித்தாலும், புல்லின் நாரைவிட விரைவில் நொறுங்கி முதல் வயிற்றை விட்டு வெளியேறிவிடுகிறது. ஆகவே அந்த எண்களை அப்படியே இதன் மேல் ஏற்ற முடியாது.

கறவை:
பருவத்தைக் குறித்துக்கொள்ளாதது என் பிழைதான், ஏற்கிறேன். ஆயினும் வயலில் நாம் விரும்பிய நாளில் அறுக்க முடிகிறதா? மழை வந்தால் ஒரு வாரம் தள்ளிப் போகிறது. ஆள் கிடைக்காவிட்டால் மேலும் சில நாள்கள். மொட்டுப் பருவத்தில் ஒரு ரகம் எப்படி இருக்கிறது என்பதைவிட, அந்த நாள் தவறிய பிறகு அதன் தரம் எவ்வளவு வேகமாகச் சரிகிறது என்பதே எனக்கு முதன்மையான கேள்வி. லிக்னின் குறைந்த ரகங்களின் பயன் இங்குதான் இருக்கிறது. 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, மரபணு மாற்றப்பட்ட ஹார்வ்எக்ஸ்ட்ராவை ஏறத்தாழ ஒரு வாரம் தாமதித்து அறுத்தாலும் தரம் பெரிதாகக் குறைவதில்லை. மரபணு மாற்றாமல் தெரிவு முறையில் உருவான, லிக்னின் குறைந்த ரகங்களும் உண்டு. அவற்றில் பலன் சற்றுக் குறைவு. ஒரு காம்பில் மூன்றுக்கு மேற்பட்ட சிற்றிலைகள் இருப்பதைத் தரத்தின் அடையாளமாக நான் கொள்வதில்லை. சிற்றிலைகள் கூடினால் இலையின் எடையும் கூடும் என்பதற்கு உறுதி இல்லை.

ஆணிவேர்:
இருவருமே ஓர் ஆண்டுப் பயிரைப் பற்றிப் பேசுவதுபோல் வாதிடுகிறீர்கள். குதிரைமசால் நான்கைந்து ஆண்டுகள் நிற்க வேண்டிய பயிர். முதல் ஆண்டில் முன்னணியில் நின்ற ரகம் மூன்றாம் ஆண்டில் திட்டுத் திட்டாகக் காலியாவதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி வாடிய செடியின் ஆணிவேரைத் தோண்டி எடுத்துக் குறுக்கே வெட்டினேன். பட்டைக்கு உள்ளே மஞ்சள் கலந்த பழுப்பு வளையம் தெரிந்தது, பாக்டீரியா வாடல். 1953இல் வெளியான வெர்னல் இத்தனை ஆண்டுகள் சோதனை வயல்களில் ஒப்பீட்டு ரகமாக நீடித்ததற்கு, இந்நோயைத் தாங்கும் அதன் திறனும் ஒரு காரணம். காலி இடத்தில் மறுபடி விதைத்து நிரப்பவும் முடியாது. வளர்ந்த செடி மண்ணில் விடும் வேதிப்பொருள்கள் அதே பயிரின் இளநாற்றை வளரவிடாமல் தடுக்கின்றன. சதுர அடிக்கு 55 தண்டுகளுக்கு மேல் இருந்தால் பயிர் அடர்த்தி விளைச்சலைக் குறைப்பதில்லை. 39க்குக் கீழே இறங்கினால் அந்த வயலை மாற்றுவதே நல்லது. விதைநேர்த்தி அவர்கள் சொல்லும் 28 நாள் இடைவெளியை ஆண்டு முழுவதும் கடைப்பிடித்தால் வேரில் மாவுச்சத்து சேர நேரமில்லாமல் இந்த எண்ணிக்கை இன்னும் விரைவாகச் சரியும். கூடுதலாகக் கிடைக்கும் அந்த ஓர் அறுவடைக்கு இது மிகப் பெரிய விலை.

விதைநேர்த்தி:
வேரின் சேமிப்பைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆண்டில் ஓர் அறுவடையையாவது பூக்கும்வரை விட்டு அறுப்பதை நானும் வழக்கமாக்கிக்கொள்கிறேன். ஆனால் நோய், பூச்சிகளைத் தாங்கும் திறனும் உறக்க எண்ணும் வெவ்வேறு பண்புகள். 9ஆம் எண்ணுள்ள கஃப் 101 சாறு உறிஞ்சும் நீல அசுவினிப் பூச்சியைத் தாங்குவதற்கென்றே உருவாக்கப்பட்ட ரகம். விரைந்து வளர்வதால் மட்டும் ஒரு ரகம் சீக்கிரம் சாகும் என்று சொல்ல முடியாது.

கறவை:
அப்படியானால் அடுத்த விதைப்பில் ஒவ்வொரு ரகத்தையும் நான்கு பாத்திகளில் கலைத்து இடுவோம். பாதியை மொட்டுப் பருவத்திலும், மறுபாதியை அதிலிருந்து ஏழாம் நாளிலும் அறுப்போம். எடையோடு இலை, தண்டு விகிதத்தையும் ஒவ்வோர் அறுவடையிலும் எழுதி வைப்போம். ஆணிவேர் அவர்கள் சொன்னபடி தண்டுகளையும் எண்ணுவோம். மூன்றாம் ஆண்டு முடியும்வரை எந்த ரகத்தையும் நான் சிபாரிசு செய்யப்போவதில்லை.