புதுப்பிப்பு: ஹாஃப்னியம் எங்கே போனது என்று தெரிந்துவிட்டது

ஒரே கிரானைட் பொடியை அமிலத்தில் கரைத்து அளந்தால், ஹாஃப்னியம் என்ற உலோகத் தனிமம் முறைக்கு ஓர் அளவாக, அதுவும் குறைவாகவே வருகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். தனிமங்களை மிக நுண்ணிய அளவிலும் அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியைத்தான் சந்தேகப்பட்டேன். கருவிமேல் தப்பில்லை. கரைசலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது குழாயின் அடியில் நான்கைந்து துகள்கள் மினுங்கின. சிர்க்கான் என்ற கனிமம்! திறந்த கிண்ணத்தில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் விட்டுச் சூடாக்கினால் அது முழுசாகக் கரையாது. ஹாஃப்னியத்தின் பெரும்பகுதி அதற்குள்தான்.

அப்புறம் பொடியை, பாறை உருக உதவும் லித்தியம் மெட்டாபோரேட் என்ற உப்புடன் சுமார் 1000 டிகிரி செல்சியஸில் உருக்கி, கிடைத்த கண்ணாடி மணியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்தேன். மூன்று முறையும் எண்கள் ஒத்துவந்தன. இட்டெர்பியம், லுட்டீசியம் என்ற அருமண் தனிமங்களின் அளவுகளும்கூட ஏறின. சிர்க்கானில் அவையும் அடைபட்டிருந்தன.

ஆனால் இப்படி உருக்கினால் உப்பு அதிகமாவதால் கரைசலை நிறைய நீர்க்கச் செய்ய வேண்டும். மிக நுண்ணிய அளவுகள் நழுவிவிடும். பாறை சேர்க்காத வெற்று மாதிரி ஒன்றையும் கூடவே உருக்கிப் பாருங்கள்; அந்த உப்பிலிருந்தே ஏதாவது வருகிறதா என்று தெரியும்.