எட்சிங்குக்குத் தமிழில் என்ன? (கனலெட்டோ பாடம், அவசரம்)

அன்பர்களே,
வெள்ளிக்கிழமைக்குள் கனலெட்டோ (பதினெட்டாம் நூற்றாண்டு வெனிஸ் ஓவியர்) பாடத்தை முடித்துக் கொடுக்க வேண்டும். வெனிஸ் எண்ணெய் ஓவியங்கள் வரை ஓடிவிட்டது; தகட்டிலிருந்து தாளில் அச்சிடும் அவருடைய எட்சிங் படங்களில் நிற்கிறேன். 'செதுக்கோவியம்' பொருந்தவில்லை. செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் மெழுகை மட்டும் கீறுகிறார். செம்பைத் தின்பது திராவகம். 'அரிப்போவியம்' சரியா?
— ந.

ந.,
வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். கடைசி பெஞ்ச் முழுக்கச் சொறிந்து காட்டியது. 'எட்சிங்' என்றே விடுங்கள்.
— சு.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். கறையான் அரிக்கும், துரு அரிக்கும், அலை கரையை அரிக்கும். அரிவாள், அரிமணை, ஏன் அரிசியே அந்த வேர்தான் என்பேன். எட்சிங்கின் மூலமான ஜெர்மன் சொல்லுக்கும் 'தின்னச் செய்தல்' என்றே பொருள். இத்தாலியர் 'அக்வாஃபோர்த்தே' என்பர்: வலிய நீர். ஆகவே 'வன்னீரோவியம்'. திராவகம் வடசொல், வேண்டாம்.
— புலவர் மா.

புலவர் ஐயா, வன்னீர் என்றால் சவர்க்காரம் நுரைக்காத கிணற்றுத் தண்ணீர் அல்லவா? அரிசியை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

ஓலையை நினையுங்கள். எழுத்தாணியால் கீறி, மை தடவித் துடைத்தால் கீறலுக்குள் மட்டும் மை நிற்கும். தகட்டிலும் அதேதான், ஈரத்தாளை வைத்து அழுத்தினால் மை தாளில் ஏறுகிறது. ஓவியத்தையும் 'எழுதிய' மொழி நம்முடையது. கனலெட்டோவின் வானத்தைப் பாருங்கள்: குறுக்குக்கோடு அரிது, லேசாக நடுங்கும் இணைகோடுகள், இடையில் விட்ட வெள்ளைத்தாளே வெயில். கையெழுத்து மாதிரி இருக்கிறது. 'கீறெழுத்தோவியம்'?
— தே.

தே. அக்கா, அழகுதான். ஆனால் அமிலமே இல்லாமல் ஊசியால் செம்பையே கீறும் முறை ஒன்று உண்டே, அதற்கு என்ன வைப்பீர்கள்?

இன்னொன்று. 'நகர்க்காட்சி' என்று தலைப்பு வைக்காதீர்கள். கனலெட்டோவின் எட்சிங் தொகுப்பின் தலைப்பே 'சில நேரில் கண்டவை, சில கற்பித்தவை' என்ற பொருளில்தான் இருக்கிறது. வெனிஸில் இருந்த பிரிட்டிஷ் துணைத்தூதர் (கான்சல்) ஜோசப் ஸ்மித்துக்குச் சமர்ப்பணம். ஸ்மித் அந்தப் பதவிக்கு வந்தது 1744இல்; ஒரு தகட்டிலோ 1741 என்று இருக்கிறது. ஆக, தகடுகள் முன்பே தொடங்கியவை.
— சு.

நேரமாகிவிட்டது. மூன்று பேர் 'அமில அரிப்போவியம்' பக்கம் வந்ததால் அதையே போட்டு, முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் 'எட்சிங்' சேர்த்து அனுப்பிவிட்டேன்.
— ந.

அந்த மூவரில் நான் இல்லை. அரிசி பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.
— புலவர் மா.