கல்யாண நாளுக்கு ஈசிஆர் ரிசார்ட்டில் டின்னர்: போய்வந்தவர்கள் சொல்லுங்கள்

போரூர் மருமகள்

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு ஐந்தாவது கல்யாண நாள் வருகிறது. ஆவணியில் கல்யாணம் ஆனவர்கள் நாங்கள். மகளுக்கு மூன்று வயது. அன்று பகலில் அவளைச் சென்னை ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஒரு தீம் பார்க்குக்குக் கூட்டிப்போகிறோம். சாயங்காலம் அம்மா வந்து அவளை அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் நாங்கள் இரண்டு பேர் மட்டும் பக்கத்து ரிசார்ட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஆசை. டின்னருக்கு 5,000 ரூபாய்க்கு மேல் முடியாது.

ஓர் இடத்தில் விசாரித்தேன். மணலில் மேஜை, பூ அலங்காரம், மெழுகுவத்தி, கேக், செட் மெனு எல்லாம் சேர்த்து 7,000, வரி தனி என்றார்கள். வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லவில்லை. தொகையைக் கேட்டதும் பேச்சு நின்றுவிட்டது, அவ்வளவுதான். மாமாவுக்குப் போன மாதம்தான் கண் ஆபரேஷன் ஆனது, அந்தச் செலவு வேறு. அந்தப் பேக்கேஜ் இல்லாமலே நன்றாக அமையுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மடிப்பாக்கம் அக்கா

தங்கச்சி, இதில் நான் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் கல்யாணம் 2006 ஜூன் 9. வைகாசி, வளர்பிறை முகூர்த்தம். பத்தாவது வருடம், 2016-இல், நீங்கள் சொல்வதைப் போன்ற ஒரு பேக்கேஜுக்குத்தான் போனோம். இடத்தின் பெயர் வேண்டாம். 6,000 ரூபாய் என்றார்கள். வரியும் சர்வீஸ் சார்ஜும் சேர்ந்து கடைசியில் 7,000-ஐத் தாண்டியது. அன்று வியாழக்கிழமை. வீட்டுக்காரர் பாபா பக்தர், வியாழன் அசைவம் தொட மாட்டார். செட் மெனுவில் இறாலும் கிரில் மீனும் இருந்தன. அவருக்கு மட்டும் அதற்குப் பதிலாகப் பன்னீர் வந்தது, விலை குறையவில்லை. மேஜைக்கு நேரம் கேட்டதற்கு இரவு 9 மணிதான் காலி என்றார்கள். ஜூன் மாதக் கடல்காற்று என்றால் சும்மாவா? மெழுகுவத்தி அணைய அணைய அந்தப் பையன் வந்து ஏற்றிவிட்டுப் போனான். பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ரோஜா இதழ்களை இதயம் மாதிரி அடுக்கிவைத்திருந்தார்கள், நாங்கள் உட்காரும் முன்பே அவை பறந்துவிட்டன. ஒருவர் பக்கத்தில் நின்றுகொண்டே இருக்கும்போது வீட்டுக் கதை எதையும் பேச வாய் வரவில்லை. நிலாவும் இல்லை. அமாவாசை கழிந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. மெல்லிய பிறை எங்கள் முதுகுக்குப் பின்னால், மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது.

நிலாவை எதற்காகச் சொல்கிறேன் என்றால், நம் கடல் கிழக்குக் கடல். சூரியன் மறைவதைக் கடலில் பார்க்க முடியாது. சாயங்காலத்தில் நமக்குக் கிடைக்கும் ஒரே காட்சி நிலா ஏறுவதுதான். பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டியே கடலிலிருந்து நிலா கிளம்பும். அடுத்தடுத்த நாளில் சுமார் 50 நிமிடம் தள்ளித் தள்ளி வரும். இதற்கு யாரும் காசு கேட்பதில்லை. வீட்டில் தொங்கும் தினசரிக் காலண்டரில் திதியைப் பாருங்கள், போதும்.

நம் வீடுகளில் முகூர்த்தம் வளர்பிறையில்தான் பெரும்பாலும் வைப்பார்கள். ஆனால் நாம் கொண்டாடுவது ஆங்கிலத் தேதி. அதனால் ஒவ்வொரு வருடமும் நிலா வேறு வேறு இடத்தில் நிற்கும். 19 வருடத்துக்கு ஒருமுறைதான் தேதியும் திதியும் கிட்டத்தட்ட ஒன்றாக வரும். இது தெரிந்ததிலிருந்து 2025 ஜூன் 9-க்காகக் காத்திருந்தேன். 2006-லும் பௌர்ணமி ஜூன் 11, 2025-லும் ஜூன் 11. நாங்கள் மணையில் உட்கார்ந்த நாளில் இருந்த அதே நிலா.

அன்று திங்கட்கிழமை, வைகாசி விசாகம் வேறு. காலையில் திருப்போரூர் கந்தசாமி கோயிலுக்குப் போனோம். கூட்டம் தாங்கவில்லை, ஆனாலும் தரிசனம் ஆயிற்று. சாயங்காலம் 5.30-க்கே முட்டுக்காடு பக்கம் ஒரு ரிசார்ட்டின் உணவகத்தில் போய் உட்கார்ந்தோம். பள்ளிகள் திறந்துவிட்டதால் பக்கத்துப் பார்க்கிலும் சரி, உணவகத்திலும் சரி, ஆளே இல்லை. பேக்கேஜ் எதுவும் எடுக்காமல், கடலைப் பார்த்த வராந்தா மேஜையில் மெனுவைப் பார்த்து ஆர்டர் செய்தோம். விசாகம் என்பதால் சைவம்: காளான் மிளகு வறுவல், ஆப்பம், வெஜ் ஸ்டூ, ஒரு ஃப்ரைட் ரைஸ், இரண்டு பேருக்கும் சேர்த்து ஓர் இளநீர்ப் பாயசம். 1,900 ரூபாய் பில், 18% ஜிஎஸ்டி 342, மொத்தம் 2,242. இருட்டும்போது நிலா கடலுக்கு மேலே ஏறியிருந்தது. சாப்பிட்டு முடித்து மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தோம். அவர் தன் அப்பாவைப் பற்றி அன்றைக்குப் பேசியதை இந்த 19 வருடத்தில் நான் கேட்டதே இல்லை.

இன்னொன்று, அந்த 18%. ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் போகும் ஹோட்டல் வளாகத்துக்குள் இருக்கும் உணவகத்தில் 18%, மற்ற உணவகங்களில் 5%. 3,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால் 540-க்கும் 150-க்கும் உள்ள வித்தியாசம். ஃபோனில் பேசும்போதே கேட்டுவிடுங்கள்.

திருவான்மியூர்க்காரன்

நானும் ஒன்று சொல்கிறேன், எங்களுக்கு நடந்தது உங்களுக்கு நடக்கக்கூடாது. மூன்று வருடம் முன்பு பார்க்கை ஒட்டிய ரிசார்ட்டில் சாப்பிடப் போனோம். உணவகத்துக்குப் போக வேண்டுமென்றால் பார்க் டிக்கெட் எடுக்க வேண்டும் என்று நினைத்து, மாலை நாலு மணிக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். ஆறு, ஆறரைக்கெல்லாம் பார்க்கை மூடிவிட்டார்கள். ரிசார்ட்டுக்குத் தனி கேட், தனி வழி, டிக்கெட்டே வேண்டாம் என்பது உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. முதலிலேயே கேட்டிருந்தால் டின்னர் பில்லில் பாதி அளவு பணம் மிச்சமாகியிருக்கும்.

திரும்பும்போது இரவு 10.45. ஆப்பில் ஒரு கார் கூட வரவில்லை. பட்டுப்புடவையோடு மனைவி ஈசிஆர் ஓரத்தில் 40 நிமிடம் நின்றாள். அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, எனக்குத்தான் இன்னும் மனது கேட்கவில்லை. சொந்த வண்டி இல்லை என்றால் போக, வர, காத்திருக்க என்று தெரிந்த கால் டாக்சியைப் பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் அக்கா சொன்ன மாதிரி சீக்கிரமே சாப்பிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

போரூர் மருமகள்

அக்கா, அண்ணா, இருவருக்கும் நன்றி. காலண்டர் பார்த்தேன். கல்யாண நாளில் பாதி நிலாதான். எட்டு நாள் தள்ளிப் பௌர்ணமி, வாரநாள். அன்றைக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று அவரிடம் கேட்கிறேன். புதிதாக 2025 டிசம்பரில் திறந்த வண்டர்லா தீம் பார்க்குக்குப் போகலாமா என்றும் பேச்சு இருந்தது.

மடிப்பாக்கம் அக்கா

அது திருப்போரூர் பக்கம் இள்ளலூர், கடற்கரை கிடையாது. குழந்தையோடு விளையாட ஒரு நாள் தனியாகப் போங்கள். டின்னருக்குக் கடல் வேண்டும் என்றால் இஞ்சம்பாக்கத்து விஜிபி, முட்டுக்காட்டு எம்ஜிஎம் பார்க்குகள் இருக்கும் அந்தக் கடலோரப் பக்கமே பாருங்கள்.

பழைய கேப்டன்

ஹோட்டல் உணவகத்தில் கேப்டனாக, அதாவது பரிமாறுபவர்களை மேற்பார்வை செய்பவனாக, பத்து வருடம் வேலை பார்த்தவன். மணலில் போடும் மேஜைக்கு ஏன் அந்த விலை என்று சொல்கிறேன், ஏமாற்று என்று நினைத்துவிடக்கூடாது. அந்த ஒரு மேஜைக்குப் பரிமாறும் ஸ்டூவர்டு ஒருவர் இரண்டு மணி நேரம் கட்டிப்போடப்படுகிறார். விளக்கு, துணி, அலங்காரம் எல்லாம் கிச்சனிலிருந்து மணலைத் தாண்டிப் போக வேண்டும். செலவு உண்மைதான். ஆனால் அந்தத் தூரம் சாப்பாட்டைக் கெடுத்துவிடும். நான் எத்தனையோ தடவை மூடிபோட்டு ஓடியிருக்கிறேன். ‘நான்’ ரொட்டி தோல் மாதிரி ஆகிவிடும், ஆப்பத்தின் மொறுமொறு ஓரம் ஐந்து நிமிடத்தில் துவண்டுவிடும், வறுத்த மீன் கடல் ஈரத்தில் நமத்துவிடும். மணலில்தான் உட்காருவேன் என்றால் மண்சட்டியில் மீன் குழம்பு, மூடிய பாத்திரத்தில் பிரியாணி மாதிரி சூடு தாங்குவதைக் கேளுங்கள். வராந்தா மேஜை என்றால் ஆப்பம் சொல்லலாம்.

ரிசர்வேஷனுக்கு ஃபோன் செய்வதோடு விடாமல், மாலை 3 மணியிலிருந்து 5-க்குள் உணவகத்துக்கே அழைத்துக் கேப்டனிடம் பேசுங்கள். மதியக் கூட்டம் முடிந்து அவர் நிதானமாக இருக்கும் நேரம் அது. கல்யாண நாள் என்று சொல்லுங்கள், ஓரத்து மேஜை வேண்டும், மெழுகுவத்தி கண்ணாடிக் கூண்டுக்குள் வேண்டும் என்று கேளுங்கள். முடிந்ததைச் செய்வார்கள்.

சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எடுத்துவிடுங்கள் என்று மரியாதையாகக் கேட்டால் போதும். மறுத்தால் 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம். பரிமாறியவருக்குக் கொடுக்க மனதிருந்தால் அவர் கையில் கொடுங்கள்.

தை மாதத்துக்காரி

எங்கள் கல்யாண நாள் தையில். ஜனவரியிலிருந்து மார்ச் வரை நம் கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலம். இரவில் மணலில் மேஜை போட்டுப் பெரிய விளக்கு எரிந்தால் ஆமைகளுக்கும் குஞ்சுகளுக்கும் தொந்தரவு. குஞ்சுகள் கடல் என்று நினைத்து விளக்கின் பக்கம் நகர்ந்துவிடும். அதனால் நாங்கள் அந்த மாதங்களில் உள்ளேயே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். யாராவது தையில் திட்டமிட்டால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போரூர் மருமகள்

போய்வந்துவிட்டோம்! எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பார்க்குக்குக் கல்யாண நாளிலேயே மகளோடு போனோம். டின்னரைப் பௌர்ணமிக்கு மாற்றினோம். நாலு மணிக்குக் கேப்டனிடம் பேசினேன், ஓரத்து மேஜை வைத்திருந்தார்கள், கண்ணாடிக் கூண்டுக்குள் விளக்கும் இருந்தது. அறை வாடகை குறைவான இடம்தான், அதனால் 5%. சாப்பாடு 2,480, வரி 124. பில்லில் 248 ரூபாய் சர்வீஸ் சார்ஜும் இருந்தது. சொன்னதும் வேறு பில் போட்டுக் கொடுத்தார்கள். மொத்தம் 2,604. பரிமாறிய தம்பிக்கு அவர் 200 கொடுத்தார்.

அன்றைக்குத் தொகையைக் கேட்டதும் ஏன் பேசாமல் இருந்தார் என்று இப்போதுதான் சொன்னார். நான் ஆசைப்பட்டு ஒன்று கேட்டு, அதை முடியாது என்று சொல்லும்படி ஆகிவிட்டதே என்று இருந்ததாம். நான் கேட்டது அந்த மேஜையையோ பூவையோ இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம், எனக்கும் தோன்றவில்லை.

இருட்டி வரும்போது கடலுக்கு மேலே செம்பு நிறத்தில் நிலா கிளம்பியது. இருவரும் எழுந்து வராந்தா கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டோம். திரும்பி வந்து பார்த்தால், கேப்டன் அண்ணா சொன்னது போலவே ஆப்பம் துவண்டுபோயிருந்தது. இன்னொரு செட் சூடாகச் சொன்னோம்.