பொருள்: இமையே இல்லாத பல்லிக்கு இமைமயிரா? (அவசரம், வெள்ளிக்குள்)

ஸ்காபரோ ரீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கட சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில வாற கிழமை பேச்சுப்போட்டி. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி 'எனது செல்லப்பிராணி' எண்டு பேசப் போறா. மற்றப் பிள்ளையளுக்கு நாய், பூனை. இவவிட்ட இருக்கிறது கிரெஸ்டட் கெக்கோ.

போன கிழமை கண்ணாடிப் பெட்டியோட வகுப்புக்கே கொண்டு வந்திட்டா. ஒரு சாண் நீளம், காய்ஞ்ச வாழைச்சருகு நிறம். ரெண்டு கண்ணுக்கும் மேல கண்மயிர் மாதிரிச் சின்னச் சின்ன முள்ளுகள். முள்ளெண்டாலும் குத்தாது, ரப்பர் மாதிரி மெத்தெண்டு இருக்கு. கன நேரம் அசையாமல் இருந்திட்டு, நாக்கை நீட்டித் தன்ர கண்ணைத் தானே ஒருக்கா நக்கிச்சுது. வகுப்பு முழுக்க ஒரே கூச்சல்.

ஆங்கிலச் சொல் வந்தால் நடுவர்மார் புள்ளி வெட்டுவினம். வெறும் 'பல்லி' எண்டால், சுவரில ஓடுறதைப் பிடிச்சுப் பெட்டியில போட்டிருக்கிறாவோ எண்டு சிரிப்பினம். வெள்ளிக்கு முதல் ஒரு பேர் சொல்லுங்கோ.

கூடல்வாசி:
அம்மா, கண்ணை நக்கியது என்று எழுதினீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. இமை இல்லாததால்தானே நக்கித் துடைக்கிறது! தேவர்களை இமையவர், இமையோர் என்கிறோம். நளவெண்பாவில் ஐந்து நளன்களில் உண்மையான நளனைத் தமயந்தி கண்டுபிடித்தது முதலில் 'கண்ணிமைத்தலால்'. ஆகவே 'இமையாப் பல்லி' என்க. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். வல்லினம் மிகும்.

விலங்கியல் பழைய மாணவன்:
ஐயா, பெயர் அழகு. ஆனால் உங்கள் வீட்டு டியூப்லைட்டுக்குப் பின்னால் இருப்பதும் இமைக்காது. பல்லிகளில் பெரும்பாலானவற்றுக்கு அசையும் இமை கிடையாது. கண்ணை மூடினாற்போல் ஒரு தெளிந்த செதில் இருக்கும், அதில் படியும் தூசியைத்தான் நாக்கால் துடைக்கும். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்துச் சிறுத்தைப் பல்லி போன்ற சிலதான் கண்ணை மூடித் திறக்கும். பொதுவாக இருக்கும் ஒன்றைச் சொல்லி ஒரே ஓர் இனத்துக்குப் பெயர் வைக்க முடியாது.

இதன் அறிவியல் பெயர் கொரெலோஃபஸ் சிலியேட்டஸ். 1866இல் பெயரிட்டவர் கிஷ்னோ என்ற பிரெஞ்சுக்காரர். சொந்த ஊர் நியூ கலிடோனியா: பெரிய தீவின் தென்பகுதியும் அதற்குத் தெற்கே பைன் தீவும். அற்றுப்போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள், 1994இல் மறுபடி அகப்பட்டது. இன்று வட அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு வளர்ப்பது அதற்குப் பிறகு பெருகிய வம்சம். சிலியம் என்றால் லத்தீனில் இமை, இமைமயிர். பாடநூலில் சிலியாவுக்குக் 'குற்றிழை' என்று இருக்கிறது. 'குற்றிழைப் பல்லி' சரியாக வரும்.

அச்சுப்பிழை:
தம்பி, அந்தப் பிள்ளை மேடையேறி 'குற்றிழைப் பல்லி' என்றால், கேட்பவர் காதில் 'குற்றமிழைத்த பல்லி' என்றுதான் விழும். முப்பது வருடம் புரூஃப் பார்த்தவன் சொல்கிறேன், இந்தச் சொல்லைத் தொடாதீர்கள். பேசாமல் 'கொண்டைப் பல்லி' என்று வைத்துவிட்டுப் போகலாம். கொண்டைலாத்தி, கொண்டைக்குருவி எல்லாம் நம்மிடம் இருக்கிறதே.

விலங்கியல் பழைய மாணவன்:
கொண்டை உச்சந்தலையில் இருப்பதல்லவா? இதற்கு உச்சி வழவழவென்று இருக்கும். முள்வரிசை கண்ணுக்கு மேலே தொடங்கித் தலையின் இரு ஓரமாகவும் பிடரி வரை போகும். புடவைக்குக் கரை போட்ட மாதிரி. 'கண்முடிப் பல்லி' என்றாலும் ஆகாது, ஊர்வனவற்றுக்கு முடியே கிடையாது. அது வெறும் செதில்.

கூடல்வாசி:
முதலில் 'பல்லி' என்ற சொல்லைப் பார்ப்போம். பல்கால் ஒலிப்பது பல்லி என்பது என் துணிபு. பல் என்னும் அடியாகப் பிறந்தது. குறுந்தொகை 16இல் 'செங்காற் பல்லி தன்துணை பயிரும்' என்று வருகிறது. கள்வர் தம் அம்பை நகநுனியில் புரட்டிப் பார்க்கும் ஓசை போல அது ஒலிக்கிறதாம். என்ன நுட்பமான செவி! ஆகவே இதன் குரலை வைத்தும் பெயர் அமைக்கலாம். ரீச்சர், உங்கள் மாணவியின் பல்லி எப்படி ஒலிக்கிறது என்று கேட்டு எழுத முடியுமா?

ஸ்காபரோ ரீச்சர்:
கேட்டன் ஐயா. பிடிக்கேக்க மட்டும் நாய்க்குட்டி கனவில குரைக்கிற மாதிரி ஒரு சத்தமாம். இண்டைக்குப் புதன்.

மட்டுநகரான்:
ரீச்சர், கூடல்வாசி ஐயா தந்த பாட்டிலேயே வழி இருக்கு. பல்லி எண்டு விட்டு, எது கண்ணில படுதோ அந்த உறுப்பை முன்னால போட்டிருக்கு: செங்கால். இதில கண்ணில படுறது கண்ணுக்கு மேல இருக்கிறது. அதுக்குத் தமிழில புருவம் எண்டுதானே பேர்? 'புருவப் பல்லி'. இமை இருக்கோ இல்லையோ எண்ட சண்டையும் வராது.

அச்சுப்பிழை:
இது நன்றாக இருக்கிறது. ஒற்றும் உறுத்தவில்லை. என் ஓட்டு இதற்கு.

தனித்தமிழ் நெஞ்சன்:
பொறுங்கள். புருவம் 'ப்ரூ' என்ற வடசொல் வழி வந்தது என்று அகராதியே காட்டுகிறது. அயலகத்தில் தமிழ் படிக்கும் குழந்தைக்கு நாமே கலப்புச் சொல்லைத் தரலாமா? 'கண்மேல்விளிம்புப் பல்லி' என்று முன்மொழிகிறேன்.

அச்சுப்பிழை:
அண்ணே, அதைச் சொல்லி முடிப்பதற்குள் மணியடித்து விடுவார்கள். 'கொடும்புருவம் கோடா மறைப்பின்' என்றது யார்? வள்ளுவருக்கு ஆன சொல் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆகாதா?

தனித்தமிழ் நெஞ்சன்:
வள்ளுவர் காலத்தில் கலைச்சொல் குழு இல்லை.

தீவுப்பித்தன்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நியூ கலிடோனியாவில் கனாக் மக்களின் மொழிகளே 28 இருக்கின்றன. அவர்கள் முற்றத்து மரத்துப் பல்லிக்கு லத்தீன், வடமொழி, சங்கத்தமிழ் எல்லாம் தேடுகிறோம். ஊர்க்காரர் அழைக்கும் பெயரை அப்படியே எடுத்துத் தமிழ் எழுத்தில் எழுதினால் என்ன? கங்காருவை அப்படித்தானே எடுத்தோம்? அந்தக் காட்டில் இப்போது வெளியிலிருந்து வந்த சிறு நெருப்பெறும்பு புகுந்து பல்லிகளை விரட்டுகிறது. பல்லி போனால் பெயரும் போய்விடும்.

விலங்கியல் பழைய மாணவன்:
எறும்பு விஷயம் உண்மை. பெயரில் உங்களோடு கொள்கையளவில் உடன்படுகிறேன். ஆனால் 28இல் எந்த மொழி? நாளை மறுநாள் வெள்ளி.

கூடல்வாசி:
'ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழனிப்பானையில் விழுமாம் துள்ளி' என்பார்கள். இந்தக் குழுவும் அப்படித்தான். கௌளி சாத்திரத்தில் வலப்புருவத்தில் பல்லி விழுந்தால் என்ன பலன் என்று ஏடு தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைத்தால் எழுதுகிறேன்.

குழு மட்டுறுத்துநர்:
இழை நீண்டுவிட்டதால் எண்ணிக்கை போட்டேன். புருவப் பல்லி 7. கொண்டைப் பல்லி 3. கண்மேல்விளிம்புப் பல்லி 1. இமையாப் பல்லி 1, அதுவும் கூடல்வாசி ஐயாவே. தீவுப்பித்தன் வாக்களிக்க மறுத்துவிட்டார். தற்காலிகமாகப் 'புருவப் பல்லி' எனக் கொள்வோம். நெஞ்சன் அவர்களின் மறுப்பு பட்டியலில் குறிக்கப்படும்.

தனித்தமிழ் நெஞ்சன்:
தடித்த எழுத்தில் குறிக்கவும்.

ஸ்காபரோ ரீச்சர்:
எல்லாருக்கும் நன்றி. பிள்ளைக்குப் 'புருவப் பல்லி' பிடிச்சுப் போச்சு, கண்ணாடிக்கு முன்னால நிண்டு புருவத்தைத் தூக்கித் தூக்கிச் சொல்லிப் பாக்கிறா.

ஆனால் இன்னொரு பிரச்சினை. நேற்றுப் பின்னேரம் தம்பிக்காரன் பெட்டியை டொக்கெண்டு தட்ட, பல்லி வெருண்டு வாலை விட்டிட்டுது. வால் தனியக் கிடந்து துடிச்சதாம். பிள்ளை ஒரே அழுகை. திரும்பி முளைக்கும் எண்டு நான் ஆறுதல் சொல்லிப்போட்டன். பேச்சிலயும் இதைச் சேர்க்கப் போறாவாம். வாலை 'உதிர்த்தது' எண்டு எழுதுறதோ, 'கழற்றியது' எண்டோ, 'துண்டித்தது' எண்டோ?

விலங்கியல் பழைய மாணவன்:
ரீச்சர், சொல்லுக்கு முன்னால் ஒன்று. தயவுசெய்து பிள்ளையிடம் திருத்திச் சொல்லிவிடுங்கள். வீட்டுப் பல்லிக்கு வால் முளைக்கும். இந்த இனத்துக்கு முளைக்காது. அறுந்த இடம் ஆறி ஒரு சின்ன மொட்டாக நின்றுவிடும். பயப்பட ஒன்றுமில்லை, காட்டில் வளர்ந்தவற்றில் பெரும்பாலானவை வாலில்லாமல்தான் திரிகின்றன. கிளையைச் சுற்றிப் பிடிக்க வால் உதவும், நுனியில் விரலில் இருப்பது போலவே ஓர் ஒட்டும் பட்டையும் உண்டு. அது இல்லாமலும் பழத்தையும் பூச்சியையும் தின்றுகொண்டு நன்றாகவே வாழும்.

'துண்டித்தது' வேண்டாம், யாரோ வெட்டின மாதிரி இருக்கிறது. 'உதிர்த்தது'.

அச்சுப்பிழை:
உதிர்வது இலை. அது மறுபடி துளிர்க்கும். முளைக்காத வாலுக்கு அது எப்படிப் பொருந்தும்?

மட்டுநகரான்:
ரீச்சர் எழுதினதே சரி. 'வாலை விட்டிட்டுது.'

கூடல்வாசி:
வால் குறைந்ததைக் 'கூழை' என்பது பழைய வழக்கு. கூழைக்கடா என்ற பறவைப் பெயரை நினைத்துப் பாருங்கள். ஆகவே இனி அதைக் கூழைப் புருவப் பல்லி எனல் வேண்டும். இது பற்றி விரிவாகத் தனி இழையில்.